விமானத்தின் விதைநெல்

"நம்மட எயார்போர்ட்டுக்குப் பெரிய பிளேன் எப்ப வரும்?" வெளிநாட்டில் ஒரு பிள்ளையாவது இருக்கிற மட்டக்களப்பு வீடுகளில் இந்தக் கேள்வி எழாமல் இருந்திருக்காது. டோஹாவுக்கோ துபாய்க்கோ போகிறவரை வழியனுப்ப முதல்நாள் இரவே வான் பிடித்து, ஹபரணைப் பக்கம் யானை குறுக்கே வருமோ என்று பயந்து பயந்து, ஏழெட்டு மணித்தியாலம் ஓடிக் கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேர வேண்டும். இத்தனைக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே, திமிலைதீவில், வாவிக்கரையில் ஓர் ஓடுபாதை கிடக்கிறது. 1983 முதல் விமானப்படையின் கையில் இருந்த அந்த நிலையத்தை 2018இல் பயணிகள் சேவைக்குத் திறந்தார்கள். பெயரில் 'சர்வதேச' என்ற சொல்லும் சேர்ந்துவிட்டது. ஆனாலும் பயணிகளை ஏற்றிக்கொண்டு இறங்கியவை செஸ்னா கரவான் மாதிரியான சிறிய விமானங்கள்தான்.

பெரிய விமானம் இறங்காததற்குப் பலரும் அரசியல் காரணம் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கலாம். நான் இங்கே சொல்ல வருவது அதற்கு அடியில் இருக்கிற கணக்கை. அந்தக் கணக்கு விளங்கினால், வசதி குறைந்த நாடுகளில் விமானங்கள் எப்படி விபத்துக்குள்ளாகின்றன என்பதும் கூடவே விளங்கும்.

நமது ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 1,560 மீற்றர். கட்டுநாயக்காவில் 3,350 மீற்றர். வளைகுடாவுக்கு நாம் ஏறிப்போகிற எயார்பஸ் ஏ320 நிறைந்த சுமையோடு இறங்கி நிற்க 1,400 மீற்றர் அளவில் எடுக்கும். 1,400 என்பது 1,560ஐ விடக் குறைவுதானே, பிறகென்ன என்று தோன்றும். அந்த 1,400 எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். புத்தம்புது விமானம், காய்ந்த ஓடுபாதை, தேர்ந்த சோதனை விமானி. ஓடுபாதையின் தொடக்கத்தைச் சரியாக 50 அடி உயரத்தில் கடந்து, சக்கரம் பட்டவுடன் பிரேக்கை முழுதாக அழுத்தி எடுத்த அளவு அது. நடைமுறையில் விமானி பத்தடி உயரமாக வந்துவிடலாம். பின்னாலிருந்து காற்றுத் தள்ளலாம். டயர் தேய்ந்திருக்கலாம். அதனால், ஜெட் விமானம் புறப்படுமுன் போடுகிற கணக்கில், போய் இறங்கப்போகிற ஓடுபாதையின் 60 வீதத்துக்குள் அது நின்றுவிட வேண்டும் என்பது விதி. பாதை ஈரமாக இருக்கும் என்றால், தேவையான பாதை நீளத்தை இன்னும் 15 வீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். 1,560இல் 60 வீதம் என்றால் 936 மீற்றர். ஏ320க்கோ விதிப்படி 2,300 மீற்றருக்கு மேல் தேவை. விசிறி பூட்டிய ஏடிஆர் 72 போன்ற விமானங்களுக்கு 70 வீதம் வரை அனுமதி உண்டு, அவை மெதுவாகவும் இறங்குகின்றன. யாழ்ப்பாணத்துப் பலாலிக்குச் சென்னையிலிருந்து அந்த வகை விமானம் வந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயன்படுத்தாமல் விடுகிற அந்த 40 வீதத்தை நான் விதைநெல் என்று சொல்வேன். படுவான்கரையில் வயல் செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பெரும்போகம் முடிந்து நெல் வீட்டுக்கு வந்ததும் அடுத்த போகத்துக்கு வேண்டியதைத் தனியே கட்டி வைத்துவிடுவார்கள். சோற்றுக்கு முடையென்றாலும் அதில் கைவைப்பதில்லை. ஒருமுறை கைவைத்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, பசி தீரும். விதைக்கிற மாதத்தில்தான் அதன் கணக்கு வரும். விமானத்தில் பாதை, எரிபொருள், எஞ்சின், ஆள் என்று ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு பங்கு ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

ஈரத்துக்கு ஏன் கூடுதல் 15 வீதம் என்பதை நமது மாரிகாலமே காட்டும். கொட்டும் மழையில் வேகமாக ஓடுகிற வாகனத்தின் டயருக்கு அடியில் இருக்கிற தண்ணீர், விலகிப்போக நேரமில்லாமல், டயரையே தூக்கிவிடும். பிறகு டயர் மிதக்கும், பிரேக் பிடித்தும் பயனில்லை. இந்த வேகத்துக்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. டயரின் காற்றழுத்தத்தை, அதாவது சதுர அங்குலத்துக்கு எத்தனை இறாத்தல் என்பதை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் வேகம் கடல்மைல் கணக்கில் வரும். 30 இறாத்தல் காற்றடித்த வான் வண்டி டயருக்கு அது மணிக்கு 90 கிலோமீற்றர் அளவு. 200 இறாத்தல் காற்றடித்த விமான டயருக்கு 235 கிலோமீற்றர். ஏ320 தரையைத் தொடுவதே அந்த வேகத்தில் அல்லது அதற்குச் சற்று மேல்தான். தண்ணீர் தேங்கிய பாதையில் பிரேக் பிடிக்காத முதல் சில நொடிகளில் எத்தனை நூறு மீற்றர் கழிந்துவிடும் என்று பாருங்கள். அதனால்தான் நல்ல ஓடுபாதைகளில் குறுக்கே கோடுகோடாகப் பள்ளம் வெட்டி, நடுவை உயர்த்தி, தண்ணீரை வழிந்தோட விடுகிறார்கள். அந்தப் பள்ளங்களில் படியும் ரப்பரைச் சுரண்டி எடுக்க இயந்திரமும் ஆளும் பணமும் வேண்டும்.

ஏறும்போது வேறொரு கணக்கு. புறப்படும் ஒவ்வொரு விமானத்துக்கும் தீர்மான வேகம் என்று ஒன்றைக் கணித்து வைக்கிறார்கள். அந்த வேகத்துக்கு முன் ஓர் எஞ்சின் நின்றால், மிச்சப் பாதைக்குள் பிரேக் பிடித்து நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பின் நின்றால், மற்ற எஞ்சினை வைத்துக்கொண்டு ஏறியே தீர வேண்டும். அந்த வேகம் வந்ததும் கப்டன் எஞ்சின் நெம்புகோலிலிருந்து கையை எடுத்துவிடுவார். இனி நிறுத்தும் எண்ணமே வரக்கூடாது என்பதற்காக. இந்த இரண்டில் எது நடந்தாலும் ஓடுபாதை போதுமானதாக இருக்க வேண்டும்.

வெயிலும் இதில் கணக்கு. 35 பாகை வெப்பத்தில் காற்றின் அடர்த்தி, விமானக் கணக்குகளுக்கு அடிப்படையாக வைக்கப்படும் 15 பாகையில் இருப்பதை விட 6 வீதத்துக்கு மேல் குறைவு. இறக்கைக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினின் தள்ளுவிசையும் குறையும். ஆடி மாதக் கச்சானில் நண்பகலில் நமது ஓடுபாதை, விமானத்தைப் பொறுத்தவரை, 700 மீற்றர் உயர மலைமேல் இருக்கும் பாதை மாதிரி நடந்துகொள்ளும். அதே விமானம் அதே பாதையில் குறைந்த சுமையைத்தான் தூக்கலாம். எத்தனை ஆசனங்களை விற்கலாம் என்பதை வெயிலும் முடிவு செய்கிறது.

இனி இந்த ஒதுக்கை எடுத்துச் செலவழித்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். 2016 நவம்பர் 28 அன்று பொலிவியாவின் லாமியா நிறுவன விமானம் ஒன்று சாண்டா குரூஸிலிருந்து கொலம்பியாவின் மெடலின் நோக்கிப் புறப்பட்டது. உள்ளே பிரேசிலின் ஷாபெகோயென்சே உதைபந்தாட்ட அணி. பறப்புத் திட்டத்தில் பயண நேரம் 4 மணி 22 நிமிடம். எரிபொருள் தாங்கும் நேரமும் 4 மணி 22 நிமிடம். போய்ச் சேர வேண்டியதற்கு மேல் ஒரு பங்கு, மாற்று விமான நிலையத்துக்குப் போக ஒரு பங்கு, அதற்கும் மேல் வானத்தில் அரைமணி நேரம் சுற்ற ஒரு பங்கு என்று எடுத்திருக்க வேண்டும். எதுவும் இல்லை. திட்டத்தைப் பார்த்த அதிகாரி ஒருவர் இது சரியில்லையே என்று கேட்டிருக்கிறார். ஆனாலும் விமானம் புறப்பட்டது. மெடலின் அருகே வேறொரு விமானத்துக்கு முன்னுரிமை கொடுத்ததால் சில நிமிடங்கள் சுற்ற வேண்டி வந்தது. எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. 77 பேரில் 71 பேர் இறந்தார்கள். கேட்ட அந்த ஒருவருக்கு விமானத்தை நிறுத்துகிற பலம் இருந்திருந்தால் என்று நினைக்கும்போது இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை.

பராமரிப்பில் நடக்கும் தின்றழிப்பு இதைவிட மெதுவானது, கண்ணுக்குத் தெரியாதது. 2014 டிசம்பர் 28 அன்று சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் போன இந்தோனேசியா எயார்ஏசியா விமானம் ஜாவாக் கடலில் விழுந்து 162 பேர் இறந்தார்கள். வால்பகுதிச் சுக்கானின் அசைவைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியில் ஈயப்பற்று ஒன்று விரிசல் விட்டிருந்ததே தொடக்கம். அந்தக் கோளாறு முந்தைய 12 மாதங்களில் 23 தடவை பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஏதோ செய்து அடுத்த பறப்புக்கு அனுப்பினார்கள். அன்றைக்கு எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்தபோது மின்சுற்றை அணைத்துப் போட்டார்கள். தானியங்கி விலகிக்கொண்டது, விமானம் சாய்ந்தது, விமானிகள் அதை மீட்கத் தவறினார்கள். வரம்பில் நண்டு துளைத்த ஓட்டை மாதிரி. ஒருநாள் பிடி மண் வைத்து அடைக்கலாம், 23 நாள் அப்படியே அடைத்துக்கொண்டிருந்தால் பெருமழை வருகிற நாளில் வரம்பு போய்விடும்.

சரி, ஏன் இப்படிச் செய்கிறார்கள்? எல்லாரும் பொறுப்பற்றவர்களா? அப்படி நான் நினைக்கவில்லை. பணம் எந்த நாணயத்தில் வருகிறது, எந்த நாணயத்தில் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஏழை நாட்டு விமான நிறுவனம் பயணச்சீட்டின் பெரும்பகுதியை உள்ளூர்ப் பணத்தில் விற்கிறது. எரிபொருள், விமான வாடகை, உதிரிப்பாகம், எஞ்சின் பழுதுபார்ப்பு எல்லாம் டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனதை நாம் அரிசிக்கடையிலும் பெற்றோல் வரிசையிலும் அனுபவித்தோம். அதே அடி விமானக் கொட்டகையிலும் விழுந்தது. ஆப்பிரிக்க நிறுவனங்களுக்கு ஒரு பயணியால் மிஞ்சும் இலாபம் சுமார் ஒரு டொலர்தான் என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் அண்மைய மதிப்பீடுகள் சொல்கின்றன. ஒரு டொலர் இலாபத்தில் உபரி எஞ்சின் வாங்கி வைப்பது எப்படி? நின்றுபோன விமானத்திலிருந்து பாகத்தைக் கழற்றி ஓடுகிற விமானத்துக்குப் போடும் பழக்கம் அப்படித்தான் வருகிறது. நல்ல விமானியையும் பொறியியலாளரையும் வளைகுடா நிறுவனங்கள் கூடிய சம்பளத்துக்குக் கூப்பிடும்போது அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. மிஞ்சியவர்கள் ஓய்வில்லாமல் ஓடுவார்கள்.

ஆனாலும் நெருக்கடியில் விதைநெல்லைக் காப்பாற்றலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2022இல் விமான எரிபொருள் தட்டுப்பட்டபோது, இங்கிருந்து புறப்பட்ட நெடுந்தூர விமானங்கள் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. நேரமும் பணமும் வீணாயின. இருப்பதை வைத்துச் சமாளித்துப் போகலாம் என்று யாரும் கிளம்பவில்லை.

அப்புறம், கண்காணிக்கிறவர் யார் என்பது. நேபாளத்தில் விமான நிலையங்களை நடத்துகிறதும் விமானத் துறையைக் கண்காணிக்கிறதும் ஒரே அமைப்பு. தன்னைத்தானே பரீட்சித்துப் புள்ளி போடுவது எப்படிச் சரிவரும்? அந்நாட்டு விமானங்களை ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் தடைசெய்தது. 2023 ஜனவரி 15 அன்று பொக்கராவில் இறங்கவந்த ஏடிஆர் 72 விழுந்து 72 பேர் இறந்தார்கள். இறக்கைத் தட்டை இறக்கும் நெம்புகோல் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த விசிறி நெம்புகோல்களைப் பின்னால் இழுத்துவிட்டார் ஒரு விமானி. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, விசிறித் தகடுகள் காற்றைத் தள்ளவில்லை. கப்டன் அந்தப் புதிய விமான நிலையத்துக்குப் பழகிக்கொண்டிருந்தார், வழக்கத்தை விட நெருக்கமான திருப்பம், கையில் நேரமில்லை. மேற்சொன்ன சங்கத்தின் கணக்கில் அந்த ஆண்டு உலகம் முழுவதும் உயிர்ச்சேதம் நேர்ந்த பயணிகள் விமான விபத்து அது ஒன்றே.

இலங்கையில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. விமான நிலையங்களை நடத்துவது வேறோர் அரச நிறுவனம். இந்தப் பிரிவினையைச் சின்ன விஷயமாக நான் எடுக்க மாட்டேன். இந்தோனேசியா 2007இல் ஐரோப்பாவின் தடைப்பட்டியலில் விழுந்து, கண்காணிப்பைத் திருத்தித் திருத்தி, 2018இல் முழுதாக வெளியே வந்தது. எத்தியோப்பியன் எயார்லைன்ஸ் செல்வ நாட்டு நிறுவனம் இல்லை. விமானியையும் பொறியியலாளரையும் தானே பயிற்றி உருவாக்கி ஆப்பிரிக்காவின் முதல் வரிசையில் நிற்கிறது. 2019இல் அதன் போயிங் 737 மாக்ஸ் விமானம் விழுந்ததற்கு மூலக்காரணம், ஒரேயொரு உணரியின் சொல்லைக் கேட்டு மூக்கைக் கீழே தள்ளும்படி அமெரிக்காவில் வடிவமைத்த கருவி. இரண்டாவது உணரியைக் கேட்க வைக்காததும் ஒதுக்கைத் தின்றதுதான். பணக்கார நாடும் அதைச் செய்யும்.

நமது ஓடுபாதையை நீட்டும் பேச்சு மறுபடி வந்தால், நீளத்தோடு சேர்த்து வேறு சிலவற்றையும் கேட்போம். பாதை முடிந்த பிறகு, தவறி ஓடும் விமானத்துக்காக எவ்வளவு வெற்றுநிலம் விடுவார்கள்? சர்வதேச விதியில் கட்டாயமானது 90 மீற்றர், விரும்பத்தக்கது 240 மீற்றர். 2010இல் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிய விமானம் மலைச்சரிவில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். நமக்குச் சரிவு இல்லை, சுற்றிலும் வாவித் தண்ணீர் இருக்கிறது.

அந்த வாவிக்கு வரும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் நமக்கு அழகு. மணிக்கு 250 கிலோமீற்றரில் வரும் எஞ்சினுக்குள் ஒரு கிலோ எடைப் பறவை போனால், 250 மீற்றர் உயரத்திலிருந்து ஒரு கிலோக் கல் விழுந்த அடி. பக்கத்தில் குப்பை கொட்டினால் காகமும் பருந்தும் கூடும். அதனால் குப்பை எங்கே கொட்டுகிறோம் என்பதும் விமானப் பாதுகாப்புக்குள் வந்துவிடுகிறது. பறவை பார்க்க ஆள் வைக்க வேண்டும், மாநகரசபையும் விமான நிலையமும் உட்கார்ந்து பேச வேண்டும்.

கடைசியாகத் தீயணைப்பு வண்டி. ஓடுபாதையின் எந்த மூலையில் என்ன நடந்தாலும் அது மூன்று நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். ஏ320 வந்தால் ஏடிஆரை விடப் பெரிய வண்டியும், கூடுதல் நுரையும், கூடுதல் ஆளும் தேவை. நாளைக்கு ஒரு விமானம் வந்தாலும் பத்து வந்தாலும் அந்தச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். எழுபது பயணிகளின் கட்டணத்தில் அதைப் பிரித்துப் போட்டால் சீட்டு விலை ஏறும், போடாவிட்டால் வேறு யாரோ கட்ட வேண்டும். யார் கட்டுவது, எத்தனை வருடத்துக்கு என்பதை முதலில் எழுத்தில் கேட்க வேண்டும். கல்லும் தாரும் அதற்குப் பிறகு கொட்டலாம்.