நாட்களைக் கூட்டக்கூடாது, ஏன்?

ஒரு வேலையை ஒருவர் தனியாக 6 நாளில் முடிப்பார், இன்னொருவர் 12 நாளில் முடிப்பார். இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்?

பார்த்ததுமே இரண்டையும் கூட்டத் தோன்றும். 18 வரும். துணைக்கு ஆள் வந்தபிறகு நாள் கூடுமா? சரி, சராசரி எடுத்தால் 9. அதுவும் ஆகாது, முதலாமவர் ஒருவரே 6 நாளில் முடித்துவிடுவாரே! ஆக, விடை 6-க்குக் கீழே. இருவருமே அவரைப்போல வேகமானவர்கள் என்றால் 3 நாள் ஆகும். இங்கே ஒருவர் நிதானமானவர், அதனால் 3-க்கு மேல். இந்த மதிப்பீட்டைச் செய்யாமல் சூத்திரத்துக்குப் போகவே கூடாது என்பேன். தவறான விடைகளில் பாதி இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் நாள் இருவருக்கும் பொது. அதைக் கூட்ட முடியாது. கூடுவது அந்த நாளில் முடிந்த வேலைதான். முதலாமவர் ஒரு நாளில் 1/6 பங்கு முடிக்கிறார், மற்றவர் 1/12 பங்கு. கூட்டினால் 3/12, அதாவது கால் பங்கு. நாளுக்குக் கால் பங்கு என்றால் 4 நாள்.

பின்னம் வேண்டாம் என்றால் 6, 12 இரண்டின் மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) 12-ஐ எடுத்து, மொத்த வேலையே 12 பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு ஒருவர் 2 பங்கு, மற்றவர் 1 பங்கு, சேர்ந்து 3. பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் அதே 4. வேலையை 120 பங்காக வைத்தாலும் நாளுக்கு 30 முடியும், விடை மாறாது. பாதியில் ஒருவர் விலகும் கணக்குகளில்தான் இந்த முறையின் அருமை தெரியும். 2 நாள் சேர்ந்து செய்தபின் வேகமானவர் போய்விட்டார் என்றால், முடிந்தது 6 பங்கு, மீதி 6. மற்றவர் நாளுக்கு ஒரு பங்காக இன்னும் 6 நாள் செய்வார். மொத்தம் 8.

தொட்டிக் கணக்கும் இதேதான், ஓட்டைக்குக் கழித்தல் குறி, அவ்வளவே. குழாய் 4 மணி நேரத்தில் நிரப்பும், ஓட்டை 6 மணி நேரத்தில் காலி செய்யும் என்றால், 12 பங்கில் மணிக்கு 3 வரும், 2 போகும். நிரம்ப 12 மணி நேரம்.

1150-இல் கணித அறிஞர் பாஸ்கரர் எழுதிய லீலாவதி என்ற கணித நூலிலேயே இப்படி ஒரு கணக்கு உண்டு. நான்கு ஊற்றுகள் ஒரு தொட்டியைத் தனித்தனியே 1, 1/2, 1/3, 1/6 நாளில் நிரப்பும். அப்படியானால் ஒரு நாளில் அவை 1, 2, 3, 6 தொட்டிகளை நிரப்பும், சேர்ந்து 12. ஒரு தொட்டிக்கு 1/12 நாள், அதாவது 2 மணி நேரம்.

இதெல்லாம் அவரவர் வேகம் மாறாமல், ஒருவர் வேலை இன்னொருவருக்கு இடைஞ்சலாகாமல் இருக்கும்வரைதான் செல்லும். மின்சுற்றில் இந்த நிபந்தனை அழகாகப் பொருந்துகிறது. 6 ஓம், 12 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் இணைத்தால் இரண்டுக்கும் மின்னழுத்தம் பொது, மின்னோட்டங்கள் கூடுகின்றன. மொத்த மின்தடை 4 ஓம்.