‘அவுட்லா கண்ட்ரி’: சட்டவிரோதம் அன்று, கட்டறுத்தல்

அமெரிக்க இசை பற்றிய ஆவணப்படம் ஒன்றின் தமிழ் வசனவரியில், மதுக்கூட மேடையில் ‘அவுட்லா கண்ட்ரி’ என்ற இசைவகையை வாசிக்கும் உள்ளூர்க் குழு ஒன்றை ‘சட்டவிரோத நாட்டுப்புற இசைக்குழு’ என்று எழுதியிருந்தார்கள். இதே பெயர்ப்பை இதற்கு முன்பும் பலமுறை கண்டிருக்கிறேன். இதைப் படிப்பவர் அரசு தடைசெய்த இசை என்றே எண்ணுவார்.

‘அவுட்லா’ என்ற ஆங்கிலச் சொல் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து விலக்கப்பட்டவன் என்பதே அதன் முதற்பொருள். அது ஆளின் நிலையைக் குறிக்கிறது. ‘சட்டவிரோதம்’ செயலின் தன்மையைக் குறிக்கிறது. கள்ளச்சாராயம் சட்டவிரோதமானது, பாட்டு அப்படியானதன்று.

இந்த இசைக்கு அப்பெயர் ஏன் வந்தது என்பதைப் பார்த்தால் பிழை இன்னும் தெளிவாகும். 1960களில் கண்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரத்து இசைத்தட்டு நிறுவனங்களில் எந்தப் பாட்டைப் பாடுவது, யார் வாசிப்பது என்பதையெல்லாம் பெரும்பாலும் தயாரிப்பாளரே முடிவுசெய்தார். பாடகரின் சொந்தக் குழு ஊர்தோறும் அவருடன் வாசித்தாலும், பதிவின்போது கூலிக்கு அமர்த்திய கலைஞர்களே வாசித்தார்கள். பாடகர் வெய்லான் ஜென்னிங்ஸ் 1972இல் ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனத்துடன் புது ஒப்பந்தம் போட்டு அந்த உரிமையைத் தம் கைக்குக் கொண்டுவந்தார். இன்னொரு பாடகர் வில்லி நெல்சன் நாஷ்வில்லை விட்டு டெக்சாஸின் ஆஸ்டினுக்குப் போய்விட்டார். இவர்கள் மீறியது தொழிலின் வழக்கத்தைத்தான். 1976இல் இவர்கள் பாட்டுகளும் சேர்ந்து வந்த தொகுப்பு இசைத்தட்டின் அட்டையைத் தேடப்படும் குற்றவாளி அறிவிப்பைப் போல வடிவமைத்தது நிறுவனத்தின் விற்பனை உத்தி. கண்ட்ரி இசையில் பெரும் விற்பனைக்கான பிளாட்டினம் சான்று பெற்ற முதல் தட்டு அது. அட்டையைப் பார்த்து இசையை மொழிபெயர்க்கலாகாது.

கண்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகார்டு சிறையில் இருந்தவர்தானே என்று கேட்கலாம். சிறை அவர் வாழ்க்கை. அவர் இசைக்கு அது இலக்கணமாகாது.

‘கலகக்கார இசை’ என்பாரும் உண்டு. அது பிழையில்லை, ஆனால் அரசியல் வாடை அடிக்கிறது. ‘கட்டறுத்த’ என்பதே என் தேர்வு. கட்டுத்தறியை அறுத்துக்கொண்டு போன மாட்டைக் கண்டவர் யாருக்கும் அதன் பொருளைச் சொல்ல வேண்டியதில்லை. கட்டு என்ற சொல்லிலேயே ஒப்பந்தமும் அடங்கிவிடுகிறது.

‘நாட்டுப்புற’ என்பதும் தவறே. இயற்றியவர் பெயர் தெரியாமல் வாய்வழி வரும் பாட்டுகளுக்கு அச்சொல்லைக் கொடுத்துவிட்டோம். கண்ட்ரி இசைக்கோ பாடலாசிரியர் உண்டு, உரிமைத்தொகை உண்டு. அவை இல்லாவிட்டால் இந்தச் சண்டையே வந்திராது. ‘கண்ட்ரி’ என்றே எழுதுவோம். தூய தமிழை விரும்புகிறவன்தான் நான். ஆனாலும் தவறான தமிழ்ச்சொல்லைவிடச் சரியான கடன்சொல் மேல்.

அதே வசனவரி ‘ஜாம்’ என்பதை ‘நெரிசல்’ என்றது. திரையில் பாட்டு முடிய வேண்டிய இடத்தில் கிட்டார்காரர் டிரம்ஸ்காரரைப் பார்த்துத் தலையசைக்கிறார். தாளம் நிற்காமல் ஓட, முன்பே எழுதிவைக்காத இசைவரிகளை ஆளுக்கொன்றாக எடுத்து வாசிக்கிறார்கள். கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு வளர்த்த பழக்கம் அது. அந்த இடத்திலேயே கற்பனையாக வாசிப்பதைக் குறிக்கும் ‘மனோதர்மம்’ என்ற சொல் கச்சேரி கேட்டவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆகவே அந்த வரி இப்படி இருந்திருக்க வேண்டும்: ‘ஊர் மதுக்கூடத்தில் கட்டறுத்த கண்ட்ரி வாசிக்கும் குழு, பாட்டை மனோதர்மமாக நீட்டி வாசிப்பவர்கள்.’