முதுமையில் தடுமாறும் இரத்த அழுத்தமும் மங்கும் சிந்தனையும்

படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்போது, அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரையிலான இரத்தம் புவியீர்ப்பால் கால்களுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைவதால் அழுத்தம் சரியத் தொடங்குகிறது. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும் பெருந்தமனியின் வளைவிலும் இருக்கும் அழுத்த உணரிகள், குழாயின் சுவர் முன்போல விரிவதில்லை என்பதை உணர்ந்து, மூளைத்தண்டின் அடியிலுள்ள முகுளத்துக்குத் தகவல் அனுப்புகின்றன. முகுளம் இதயத் துடிப்பைக் கூட்டுகிறது. கால்களிலும் வயிற்றிலும் உள்ள இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இளம் வயதில் இவை அனைத்தும் சில நொடிகளில் முடிந்துவிடுவதால், அப்படி ஒன்று நடந்ததே நமக்குத் தெரிவதில்லை.

இந்த ஏற்பாடு பிசகினால் முதலில் பாதிக்கப்படுவது மூளைதான். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள அது, ஓய்வு நேரத்தில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கும் வசதியோ அதற்கு அநேகமாக இல்லை. ஆகவே மூளைக்கு இரண்டாவது காப்பு ஒன்றும் இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் அதன் குழாய்கள் விரிகின்றன, கூடினால் சுருங்குகின்றன. இதைத் தன்சீராக்கம் என்கிறார்கள். சராசரி அழுத்தம் 60 முதல் 150 மில்லிமீட்டர் பாதரசம் வரை எங்கே இருந்தாலும் மூளையின் இரத்த ஓட்டம் மாறாது என்று பாடநூல்கள் நெடுங்காலமாக எழுதிவந்தன. உண்மை நிலை அவ்வளவு தாராளமானதல்ல என்று பிற்கால அளவீடுகள் காட்டுகின்றன. மேலும், பல ஆண்டுகள் உயர் அழுத்தத்தில் இருந்தவரின் குழாய்ச் சுவர்கள் தடித்துவிடுவதால், அந்த எல்லைகளே மேல்நோக்கி நகர்ந்துவிடுகின்றன. மற்றவருக்குக் கெடுதல் செய்யாத ஒரு தாழ்வு, அவருடைய மூளைக்குப் பற்றாக்குறையாகிவிடலாம்.

வயது ஏற ஏறப் பெருந்தமனியில் உள்ள மீள்தன்மை கொண்ட இழைகள் சிதைந்து, அவற்றின் இடத்தை விறைப்பான கொலாஜன் பிடித்துக்கொள்கிறது. அழுத்தத்தின் மேல் அளவு ஏறுகிறது, கீழ் அளவு இறங்குகிறது, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் விரிகிறது. அழுத்த உணரிகள் அந்தச் சுவருக்குள்ளேயே பதிந்திருப்பதால், சுவர் விறைத்தால் அவையும் மந்தமாகிவிடுகின்றன. எனவேதான் படுத்திருக்கும்போது உயர் அழுத்தமும், எழுந்து நின்றதும் தாழ் அழுத்தமும் ஒரே முதியவரிடம் காணப்படுவதில் முரண் எதுவும் இல்லை. இரண்டும் ஒரே கோளாறின் இரு முகங்கள்.

விறைத்த பெருந்தமனியால் ஒவ்வொரு துடிப்பின் வேகத்தையும் மட்டுப்படுத்த முடியாததால், அந்த அதிர்வு மூளையின் நுண்குழாய்கள்வரை செல்கிறது. மூளையின் ஆழத்துக்குள் நுழையும் சிறு தமனிகள் பெரிய தமனிகளிலிருந்து நேரடியாகக் கிளைப்பதால், அவைதாம் அதிகம் அடிபடுகின்றன. அவை ஊட்டமளிக்கும் வெண்பொருள், மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைகளால் ஆனது. அங்கு ஏற்படும் சேதம் எம்.ஆர்.ஐ. படத்தில் வெண்திட்டுகளாகத் தெரிகிறது. இத்தகையோரிடம் முதலில் குறைவது பெரும்பாலும் நினைவாற்றல் அல்ல, சிந்தனையின் வேகமும் திட்டமிடும் திறனும். கணக்குப் பார்க்கும்போது யாரேனும் குறுக்கே பேசினால் விட்ட இடத்தைப் பிடிக்க முடியாமல் திணறுவார். ஆனால் நேற்று வந்தவர்களின் பெயர்களைச் சரியாகச் சொல்வார். மறதி இல்லையே என்று குடும்பத்தார் நிம்மதியடைவதும் இதனால்தான்.

இதுவரை சொன்னது பாதி மட்டுமே. அழுத்தம் மூளையைக் கெடுப்பது போலவே, மூளையின் நோயும் அழுத்தச் சீராக்கத்தைக் கெடுக்கிறது. அல்சைமர் நோயின் மிகத் தொடக்கத்திலேயே நரம்பணுக்களுக்குள் திரளும் டௌ என்னும் புரதம் படியும் இடங்களுள் ஒன்று, மூளைத்தண்டிலுள்ள லோகஸ் செருலியஸ் என்னும் சிறு நரம்பணுத் திரள். விழிப்பையும் இரத்தக் குழாய்களின் சுருக்கத்தையும் ஆள உதவும் வேதிப்பொருளான நார்அட்ரினலின், மூளைக்குள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. லூயி உடல்கள் எனப்படும் புரதக் கட்டிகள் மூளையில் சேரும் லூயி உடல் மறதிநோயிலும் பார்க்கின்சன் நோயிலும், இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் நம் விருப்பமின்றியே இயக்கும் தன்னியக்க நரம்புகளே பாதிக்கப்படுவதால், எழுந்ததும் அழுத்தம் சரிவது மிகச் சாதாரணம். நடுவயதில் உயர் அழுத்தம் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதிநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் நோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர்களுடைய அழுத்தம் இறங்கத் தொடங்கிவிடுகிறது. எண்பது வயதில் எடுத்த ஓர் அளவை மட்டும் வைத்துக்கொண்டு எது காரணம், எது விளைவு என்று தீர்ப்புச் சொல்வது அவசரம் என்பேன்.

மருந்துச் சோதனைகள் இந்தச் சிக்கலை ஓரளவு அவிழ்க்கின்றன. 1998இல் வெளியான சிஸ்ட்-யூர் என்ற ஐரோப்பியச் சோதனையின் முடிவுகளில், 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அளித்த அழுத்தக் குறைப்புச் சிகிச்சை மறதிநோயைப் பாதியாகக் குறைத்தது. ஆனால் மறதிநோய் வந்தவர்களின் எண்ணிக்கை சிறியது. 80 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஹைவெட் சோதனையில் அத்தகைய தெளிவான பலன் கிடைக்கவில்லை. 2019இல் வந்த ஸ்பிரிண்ட் மைண்ட் என்ற சோதனை, 50 வயதைக் கடந்த 9,361 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, மேல் அளவை ஒன்றில் 120க்குக் கீழும் மற்றதில் 140க்குக் கீழும் வைக்க முயன்றது. இலேசான அறிவாற்றல் குறைவு முதல் குழுவில் 19 விழுக்காடு குறைந்தது. மறதிநோயில் தென்பட்ட வேறுபாடு புள்ளியியல் அடிப்படையில் உறுதியாகவில்லை. இந்தச் சோதனை எழுந்து நின்றபின் மேல் அளவு 110க்குக் கீழே போனவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. ஆகவே, யாருடைய சீராக்கம் மோசமாகக் குலைந்திருக்கிறதோ அவர்களுக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

உட்கார்ந்த நிலையில் இதய மட்டத்தில் பட்டையைக் கட்டி எடுக்கும் அளவு, மூளைக்குக் கிடைக்கும் அழுத்தமும் அல்ல. நிமிர்ந்திருக்கும்போது மூளை இதயத்துக்கு 25 முதல் 30 சென்டிமீட்டர் மேலே இருப்பதால், அங்கே அழுத்தம் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் குறைந்திருக்கும். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஓர் அளவும், நின்றபின் முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் ஒவ்வோர் அளவும் எடுப்பது முதியவர்களுக்கு அவசியம். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 சரிந்தால் அதுவே கோளாறு. கண் இருட்டுவதும் தலைசுற்றுவதும் இல்லாமலே பலருக்கு இது நிகழ்வதால், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று மருத்துவர் விட்டுவிட இயலாது. சரிவு தெரிந்ததும் அழுத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அது பெரும்பாலும் தவறு: சிகிச்சையைத் தீவிரப்படுத்தியவர்களிடம் இந்தச் சரிவு கூடவில்லை என்பதையே சோதனைகள் காட்டின. புரோஸ்டேட் வீக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சில மருந்துகள், உடலில் நீர்ச்சத்துக் குறைவு ஆகியவற்றையே மருத்துவர் முதலில் சந்தேகிக்கிறார்.