பிக்சலைச் சில்லில் பதிக்கும்போது

1985இல் வெளியான சூப்பர் மேரியோ பிரதர்ஸ் விளையாட்டில் சிறிய மேரியோ 16×16 கட்டத்துக்குள், மூன்றே நிறங்களில் அடங்கிவிடுகிறார். அவரைக் கண்ணாடி மொசைக்கில் பதிப்பது எளிது. பிக்சலுக்கு ஒரு 20 மி.மீ. சில்லு, நடுவே 2 மி.மீ. இடைவெளி, மொத்த அகலம் 350 மி.மீ.

புகைப்படத்திலிருந்து ஒரு திரை நாயகரின் முகத்தை எடுப்பதுதான் வேலை வாங்கும். முகத்தை மட்டும் வெட்டி, 48×48 பிக்சலுக்குச் சுருக்குங்கள்: 2,304 சில்லுகள், உடைசலுக்குப் பத்து சதவீதம் கூடுதல். நிறங்களைச் சராசரியாக்கிச் சுருக்கும் முறையே இதற்குச் சரி. (மேரியோவுக்கு அது ஆகாது, விளிம்பு குழம்பும்.) எட்டு நிறம் போதும், ஆளைக் காட்டிக்கொடுப்பது வெளிச்சமும் நிழலும்தான். மென்பொருளில் டிதரிங்கை அணைத்துவிடுங்கள். புள்ளிகளைக் கலந்து இடைநிறம் காட்டும் அந்த உத்தி திரையில் எடுபடும், சில்லில் அம்மைத் தழும்பாகத் தெரியும். கண்மணி இரு கட்டங்களுக்கிடையே பிளவுபட்டால் பார்வையே போய்விடும். படத்தை அரைக்கட்டம் நகர்த்தி மறுபடி சுருக்கவேண்டும்.

கிட்டே போனால் முகம் ஏன் காணாமல் போகிறது? 1973இல் பெல் ஆய்வகத்தின் லியோன் ஹார்மனும் பேலா ஜூலெஸும் ஆபிரகாம் லிங்கனின் படத்தைப் பெரிய கட்டங்களாக்கி இதை ஆராய்ந்தார்கள். கட்டங்களின் கூரிய விளிம்புகளே முகத்தை மறைக்கின்றன. தள்ளி நின்றாலோ கண்ணைச் சுருக்கினாலோ விளிம்பு மங்கி, முகம் எழும். ஆகவே குனிந்து பார்த்து நிறம் மாற்றாதீர்கள். கைபேசித் திரையில் சிறிதாக்கிப் பாருங்கள்.

பிக்சலுக்கு இல்லாத தொல்லை க்ரவுட், அதாவது சில்லுகளின் இடைவெளியை நிரப்பும் பூச்சு. 20 மி.மீ. சில்லில் 2 மி.மீ. இடைவெளி என்றால் பரப்பில் சுமார் 17 சதவீதம் க்ரவுட்தான், 10 மி.மீ. சில்லில் அது 31 சதவீதம். கறுப்பு க்ரவுட் முகத்தையே கருக்கடிக்கும், வெள்ளை க்ரவுட் நிழல்களை வெளுக்கும். படத்தின் சராசரி வெளிச்சத்துக்கு ஒத்த சாம்பலே உத்தமம். கடையில் பார்த்த நிறத்தை நம்பாமல், நான்கு சில்லில் பூசி உலரவிட்டுத் தீர்மானியுங்கள்.

ஒட்டுவதில் பிழை சேர்ந்துகொண்டே போகும். சில்லுக்கு அரை மில்லிமீட்டர் விலகினால் 48ஆவது சில்லில் 24 மி.மீ. அதனால் பலகையில் குறுக்கும் நெடுக்குமாக 176 மி.மீ.க்கு ஒரு கோடு, அதாவது எட்டுச் சில்லுக்கு ஒன்று. ஒவ்வொரு சதுரமாகப் பசை தடவுங்கள். ஒளி ஊடுருவும் கண்ணாடிக்கு வெள்ளைப் பசைதான். சாம்பல் பசை நிறத்தை மங்கடிக்கும். பசை தடவும் பல்கரணையின் (பல் வெட்டிய விளிம்புள்ள கரண்டி) வரிகளும் கண்ணாடி வழியே தெரியுமாதலால், தட்டைப் பக்கத்தால் அவற்றை நீவிவிட்ட பிறகே சில்லை அழுத்தவேண்டும்.