வைரம் இல்லை, சாய்சதுரம்

தங்கை வீட்டுச் சுவரில் அவள் மகனுக்காக ஒரு வடிவ அட்டை மாட்டியிருக்கிறாள். வட்டம், சதுரம், முக்கோணம், செவ்வகம் எல்லாம் சரி. அடுத்த படத்தின் கீழே ‘வைரம்’ என்று போட்டிருக்கிறது. காணொளி, வண்ணம் தீட்டும் புத்தகம் என்று குழந்தைகளுக்காக எதை எடுத்தாலும் இப்போது இதே வைரம்தான்.

அதன் பெயர் சாய்சதுரம். நான்கு பக்கமும் சம நீளம். ஆங்கிலத்தில் ராம்பஸ்; சுழற்றிவிடும் பொருளைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் பெயரில் ‘சாய்’ தமிழ், ‘சதுரம்’ நான்கைக் குறிக்கும் வடசொல் வழி வந்தது. அது வடசொல் ஆயிற்றே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எல்லோருக்கும் புரிகிற சொல்லை நான் விடமாட்டேன்.

வைரத்துக்கு வருவோம். ஆங்கிலத்திலேயே டைமண்ட் என்பது பாடப்புத்தகக் கலைச்சொல் இல்லை, பேச்சுவழக்கு. அங்கே அந்த ஒரு சொல்லில் கல்லும் உண்டு, வடிவமும் உண்டு. தமிழ் வைரத்தில் வடிவம் எங்கே இருக்கிறது? வைரம் பாய்ந்த கட்டை என்றால் உறுதி. தீராத வைரம் என்றால் பகை. மூக்குத்தி வைரத்தைக் குழந்தையிடம் காட்டினால் வட்டம் என்றுதான் சொல்லும். சீட்டாடுகிறவர்கள்கூட டைமன் என்பார்களே தவிர, வைரம் இறக்கினேன் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பெயரோடு போனால்கூடப் பரவாயில்லை. ஒரு சதுர பிஸ்கட்டைத் தட்டில் வைத்து மருமகனிடம் கேட்டேன். “சதுரம்” என்றான். அதையே முனை கீழே வரும்படி திருப்பி வைத்தேன். “வைரம், மாமா!” அதே பிஸ்கட், அதே நான்கு மூலை. அட்டையில் அந்தப் படம் எப்போதும் முனையில் நிற்பதால், முனையில் நிற்பது எல்லாம் அவனுக்கு வைரம். சிறு பிள்ளைகள் பக்கத்தையும் கோணத்தையும் பார்ப்பதில்லை, மொத்தத் தோற்றத்தைப் பார்த்துத்தான் பெயர் சொல்வார்கள் என்று நெதர்லாந்தைச் சேர்ந்த கணித ஆசிரியர்களான வான் ஹீலே தம்பதி 1957லேயே தங்கள் ஆய்வுகளில் எழுதிவிட்டார்கள். அந்த வயதில் கொடுக்கும் சொல்லாவது உருவத்தைச் சொல்ல வேண்டாமா?

சாய்சதுரம் என்றாலும் சதுரத்தைத் திருப்பி வைப்பதுதானே என்று பிள்ளை நினைக்கலாம். அதற்கு நான்கு தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளும் போதும். எளிய பொருட்களில் அறிவியல் பொம்மைகள் செய்துகாட்டும் அரவிந்த் குப்தா பிரபலமாக்கிய விளையாட்டு. மருந்தைச் சுரண்டிவிட்டு, மூலைக்கு ஒரு துண்டு டியூப் செருகிச் சதுரம் செய்யுங்கள். மேசைமேல் நிறுத்தி மேல் மூலையை விரலால் தள்ளினால் அப்படியே சாயும். குச்சியின் நீளம் மாறவில்லை, கோணம்தான் மாறியது. சாய்ந்த சதுரம் என்பது அதுதான்.

அப்பா காலத்தில் செவ்வகத்தை நீள்சதுரம் என்பார்கள். சதுரத்தை ஒரு பக்கமாக நீட்டினால் நீள்சதுரம், தள்ளினால் சாய்சதுரம். செய்கிற வேலையே பெயராக இருக்கும்போது நகைக்கடையிலிருந்து ஒரு சொல்லை ஏன் கொண்டுவர வேண்டும்?

அந்த அட்டையை மொழிபெயர்த்தவர் படத்தைப் பார்க்கவே இல்லை, ஆங்கிலச் சொல்லை மட்டும் அகராதியில் தேடியிருக்கிறார். அதனால்தான் நீள்வட்டத்தின் கீழும் ‘முட்டை’ என்று இருக்கிறது. முட்டைக்கு ஒரு முனை ஒடுங்கியிருக்கும். படத்தில் இரண்டு முனையும் ஒரே மாதிரி. பள்ளிக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டியிருந்தால் இரண்டு சொல்லும் கிடைத்திருக்கும். குழந்தைகள் புத்தகம்தானே என்ற அலட்சியம் எனக்குப் பொறுக்கவில்லை. முதன்முதலாகச் சொல் கற்கிற வயது அது.

கிளம்பும் முன் அந்த ‘வைரம்’ மேல் வெள்ளைத்தாள் ஒட்டிச் சாய்சதுரம் என்று எழுதினேன். மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து தீக்குச்சிச் சதுரத்தைத் தள்ளித் தள்ளி நிமிர்த்திக்கொண்டிருந்தான்.