"ரத்தம் நின்னுடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன் சார்"

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். பஸ் கண்டக்டர். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலின் உள்பக்கம் அழன்று புண்ணாகும் நோய். ஒரு வருடம் நன்றாக இருந்தவர், தினம் 12 முறை ரத்தமும் சளியுமாகப் போகிறது என்று வெளிறிப்போய் வந்தார். குடல் புண்ணை அடக்கி வைக்கும் மெசலமைன் மாத்திரை என்ன ஆயிற்று? "நல்லாத்தானே சார் இருந்தேன், அதான் நிறுத்திட்டேன்." சரி, அப்புறம்? பழைய சீட்டை மெடிக்கலில் நீட்டி ஸ்டீராய்டு வாங்கி, 2 மாதமாகத் தானே கூட்டியும் குறைத்தும் சாப்பிட்டிருக்கிறார். முகம் உப்பி, சர்க்கரையும் ஏறியிருந்தது. அட்மிஷன் போட வேண்டியதாயிற்று.

எரிச்சலை நான் மறைக்கவில்லை. கொஞ்சம் தேறியதும் வார்டில் கேட்டேன், இந்த வைத்தியத்தில் உங்களுக்கு என்னதான் வேண்டும்? மாத்திரையே வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். "காலையில ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு டூட்டி ஏறணும் சார்" என்றார். நன்றாக இருக்கிறார் என்று நான் கேஸ் ஷீட்டில் எழுதிய அந்த ஒரு வருடமும், நடுவழியில் அவசரமாக வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் வெறும் வயிற்றோடுதான் வேலைக்குப் போயிருக்கிறார். எத்தனை முறை போகிறது, ரத்தம் உண்டா என்பதற்கு மேல் நான் கேட்டதில்லை. 2021-ல் வந்த ஸ்ட்ரைடு-2 என்ற சர்வதேசப் பரிந்துரை, புண் ஆறுவதோடு இயல்பு வாழ்க்கை திரும்புவதையும் சிகிச்சையின் இலக்காக வைத்திருக்கிறது. படித்திருக்கிறேன்தான்.

இப்போது உங்கள் பங்கு. ரத்தம் நின்றால் நோய் அடங்கியிருக்கிறது என்று அர்த்தம். போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஐந்து நாள் மருந்தில் முடிய இது காய்ச்சலா? மூலம் என்று களிம்பு தடவிக்கொண்டும், உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டும் வருடங்களை ஓட்டியவர்கள் உண்டு. வெளியே ஒன்றும் தெரியாதபோதும் உள்ளே புண் ஆறாமல் இருக்கலாம், அதைப் பார்க்கத்தான் கால்புரோடெக்டின் மலப் பரிசோதனையும், குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியும் எழுதுகிறோம், வேறு வேலையில்லாமல் இல்லை. ஒரு வேளை மறந்தால் பரவாயில்லை, நீங்களாக முடிவெடுத்து நிறுத்துவதுதான் வம்பு. ஸ்டீராய்டு சீறும் நோயை அடக்கும், அடங்கியது திரும்ப வராமல் காக்காது. தொடர்ந்து சாப்பிடவும் கூடாது, திடீரென்று விடவும் கூடாது.

மூட்டு வலிக்கிறது என்று டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், அந்த வலியே இந்த நோயால் வந்ததாக இருக்கலாம். எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் அசாதயோப்ரின் சாப்பிடுபவர்கள் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். நோய் வந்து 8 வருடம் ஆனவர்கள், தொந்தரவே இல்லாவிட்டாலும், கொலனோஸ்கோப்பிக்கு வாருங்கள், புற்றுநோய் தலைகாட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று மருந்தை நிறுத்தாதீர்கள், முதலில் எங்களுக்கு ஒரு போன் போடுங்கள். எனிமா என்றதும் முகம் சுளிக்கிறீர்கள், நோய் மலக்குடலோடு நின்றிருந்தால் மாத்திரையைவிட ஆசனவாய் வழியாகக் கீழிருந்து ஏற்றும் மருந்துதான் நன்றாகக் கேட்கும்.

மூன்று வேளை முடியவில்லையா, விலை கட்டவில்லையா, வாய்விட்டுச் சொல்லுங்கள் அம்மா, ஐயா. பலருக்கு மெசலமைனை ஒரே வேளையாகக் கொடுக்க முடியும். கண்டக்டருக்கும் டிஸ்சார்ஜ் அன்று அப்படித்தான் எழுதினேன். அடுத்த வாரம் வருகிறார், இட்லியைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும்.