எட்மன்ரனுக்குக் குடிபெயரும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீட்டுக்கடன் முகவராகப் பணியாற்றும் என்னிடம், "இந்தக் காசுக்கு எட்மன்ரனில் தனி வீடே வாங்கலாமாமே" என்று கேட்டு வரும் தமிழ்க் குடும்பங்கள் பெருகி வருகின்றன. அவர்கள் சொல்வது உண்மைதான். ரொறன்ரோவில் 8 இலட்சம் டொலருக்கு வீடு வாங்குபவர், முதல் வீட்டுக்கான சலுகை இல்லையென்றால், ஒன்ராறியோ மாகாணத்துக்கும் மாநகருக்குமாக ஏறக்குறைய 25,000 டொலர் காணி மாற்று வரி கட்ட வேண்டும்; எட்மன்ரன் இருக்கும் அல்பேர்ட்டா மாகாணத்தில் அந்த வரியே கிடையாது. விற்பனை வரியும் இங்கே 13 சதவீதம், அங்கே 5 சதவீதம்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு நான் கேட்கும் முதல் கேள்வி, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருகிறார்கள் என்பதுதான். பெரும்பாலும் பதில் அம்மம்மா. கணவர் பண்டகசாலையில் பின்னேர வேலை, மனைவி முதியோர் இல்லத்தில் மாறி மாறி வரும் ஷிஃப்ட் என்றிருக்கும் வீட்டில், இரண்டு சம்பளமும் வருவதற்கு அவரே காரணம். அவர் ஸ்காபரோவில் தங்கிவிட்டால், பராமரிப்புக் கட்டணம் ஏறும், அல்லது ஒருவர் வேலை நேரத்தைக் குறைக்க நேரும். வங்கி இரண்டு சம்பளத்தையும் பார்த்தே கடன் தொகையைத் தீர்மானிக்கிறது என்பதால், ஒரு சம்பளம் குறைந்தால் அந்த மலிவான வீட்டின் தவணையும் கழுத்தை நெரிக்கும்.

வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இங்குள்ள வேலையை விட்டுவிட்டு அங்கே போய் உடனே கடன் கேட்டால், புதிய வேலையில் தகுதிகாண் காலம் முடியும்வரை பல வங்கிகள் தயங்கும். ஆகவே முதலில் வாடகைக்கு இருப்பதே நல்லது. ஆனால் அல்பேர்ட்டாவில் வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு இல்லை. ஆண்டுக்கு ஒருமுறைதான் கூட்டலாம் என்றாலும், எவ்வளவு கூட்டுவது என்பது வீட்டுக்காரர் விருப்பம்.

குளிரைப் பற்றி, ரொறன்ரோவில் பனி பார்த்தவர்களுக்கு என்ன புதிது என்று பலர் நினைக்கிறார்கள். எட்மன்ரனில் டிசம்பர் இறுதியில் பகல் வெளிச்சம் ஏழரை மணி நேரமே. வெப்பநிலை மைனஸ் 30 பாகைக்கும் கீழே இறங்கும் நாட்களும் உண்டு. அந்த நாட்களில் வெளியே நிற்கும் காரின் எஞ்சின் சூடாக்கியை இரவில் மின்சாரத்தில் செருகி வைக்காவிட்டால், காலையில் கார் கிளம்புவது சந்தேகம். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுபோனால் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும் அபாயமும் சேர்ந்து வருகிறது. எனவே வீடு பார்க்கும்போது ஃபர்னஸின் வயதையும், கடந்த 12 மாத எரிவாயு பில்களையும் கட்டாயம் கேளுங்கள். இங்கே ஒரு காரும் பஸ்ஸுமாகச் சமாளித்தவர்கள், வேலையிடத்தைப் பொறுத்து, இரண்டாவது காருக்கும் அதன் காப்புறுதிக்கும் பணம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

முடிந்தால் ஜனவரியில் போய் ஒரு வாரம் தங்கி, வேலைக்குப் போகும் அதே நேரத்தில் வெளியே இறங்கிப் பாருங்கள். போவதென்று முடிவெடுத்தால், வேலைக்காகக் குடிபெயரும் செலவில் ஒரு பகுதியை வருமான வரிக் கணக்கில் கழிக்க வழி உண்டு, பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். அல்பேர்ட்டாவின் மருத்துவக் காப்பு தொடங்க ஏறத்தாழ மூன்று மாதமாகும். அதுவரை ஒன்ராறியோ காப்பே செல்லும் என்பதால், பழைய அட்டையைக் கைவிடாமல், போன உடனேயே புதியதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.